தருமபுரி ஆய்வகத்தில் ஒரு கயாஸ் ஊசல்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தருமபுரியில் நான் பணியாற்றும் கல்லூரியின் இயற்பியல் துறைக்குக் கடந்த ஆகஸ்டில் ஒரு கயாஸ் ஊசல் கருவி வாங்கினோம். தொடக்க நிலையின் நுண்ணிய மாற்றம் பெரிதாக வளர்ந்து, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி அமையும் ஒழுங்கற்ற இயக்கமே கயாஸ். முதுகலை மாணவர்களின் செய்முறைத் தாளில் நேரிலா இயக்கவியல் (விளைவு காரணத்துக்கு நேர்விகிதத்தில் அமையாத இயக்கங்களைப் பற்றிய பாடம்) சேர்க்கப்பட்டதிலிருந்து அந்தப் பாடத்தைக் கணினித் திரையில் மட்டுமே நடத்தி வந்தோம். கையால் தொட்டு, ஆட்டிவிட்டு, நிறுத்திப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்டுப் பெற்றது இது. வரிகளோடு சேர்த்து எண்பதாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டியது. ஒரு மாவட்டத் தலைநகரக் கல்லூரியின் துறைக்கு இது சிறிய தொகை அன்று. அதே தொகையைச் செலவிட எண்ணும் ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் வேறு நிறுவனங்களும் கருவி செய்கின்றன, கீழே சொல்லும் கேள்விகளை அவர்களில் எவரிடமும் கேட்கலாம்.

கருவியின் அமைப்பு எளிது. 12 செ.மீ. குறுக்களவும் 6 மி.மீ. தடிப்பும் கொண்ட அலுமினியத் தட்டு ஒன்று, கிடைமட்ட அச்சில் பால் பேரிங் மீது சுழல்கிறது. தட்டின் விளிம்பில் 20 கிராம் பித்தளைக் குண்டு ஒன்றைத் திருகி மாட்டலாம். மாட்டினால் தட்டு ஒரு கூட்டு ஊசல் ஆகிவிடும். அச்சின் பின்புறத்தில் சிறு கப்பி உள்ளது. அதைச் சுற்றிய நூலின் இரு முனைகளிலும் இரண்டு சுருள்வில்கள். ஒன்று அடிப்பலகையிலும் மற்றது மோட்டாரின் கையிலும் கோக்கப்படுகின்றன. தட்டுக்குப் பின்னால் ஒரு திருகின் முனையில் காந்தம் இருக்கிறது. திருகை முறுக்கினால் காந்தம் தட்டை நெருங்கும், தட்டில் சுழல் மின்னோட்டம் (காந்தத்தின் அருகே நகரும் உலோகத்தில் தூண்டப்பட்டு அந்த நகர்வை எதிர்க்கும் மின்னோட்டம்) பெருகும், ஊசல் விரைவில் அடங்கும். கோணத்தை அளக்கும் சென்சார் யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைகிறது. பொருள்கள் உடையாமல் வந்து சேர்ந்தன, இரும்புப் பகுதிகளின் வண்ணப்பூச்சு ஒழுங்காக இருந்தது, திருகுகள் மரை கழன்றவையாக இல்லை. இதற்கு மேல் கட்டமைப்பைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

சொல்ல வேண்டியது தடையைப் பற்றி. கருவியோடு வந்த கையேடும் மென்பொருளும் ஊசலின் மீது செயல்படும் தடை முழுவதையும் திசைவேகத்துக்கு நேர்விகிதமான ஒரே உறுப்பாக எடுத்துக்கொள்கின்றன. அந்த உறுப்புக்கு ஓர் எண், அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான். பாடநூலில் இது ஏற்கத்தக்க எளிமைதான். மேசையின் மேல் ஆடும் பொருளுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கும் வசதியைக்கூட மென்பொருள் தரவில்லை என்பதுதான் என் முதல் குறை.

வில்களைக் கழற்றி, காந்தத்தை முற்றிலும் பின்னுக்கு இழுத்துவிட்டு, குண்டை மட்டும் மாட்டி 40 பாகையிலிருந்து விட்டோம். அலைவுக் காலம் சுமார் 1.2 விநாடி. அடுத்தடுத்த உச்சங்களை மாணவர்கள் கரும்பலகையில் எழுதினார்கள்: 40, 36, 32, 28, 24. பத்தாவது அலைவில் தட்டு நின்றுவிட்டது. தடை திசைவேகத்துக்கு நேர்விகிதத்தில் இருந்தால் ஒவ்வோர் அலைவிலும் வீச்சு ஒரே விகிதத்தில் குறைய வேண்டும்; 40 என்பது 36 ஆனால் 20 என்பது 18 ஆக வேண்டும், ஆடிக்கொண்டே இருந்து மெல்லத் தேய வேண்டும். இங்கே ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக 4 பாகை கழிந்தது. மென்பொருளோ இந்த நேர்கோட்டின் மேலும் ஒரே விகிதத்தில் தேயும் தன் அடுக்குக்குறி வளைவையே பொருத்திக் காட்டி ஒரு தடை எண்ணைத் தந்தது. பென்னாகரத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் வளைவின் வேறு வேறு துண்டுகளைத் தேர்ந்து அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், ஓட்டம் ஒண்ணுதான், ஆனா முதல் பாதிக்கு ஒரு நம்பர் வருது, கடைசிப் பாதிக்கு வேற நம்பர் வருது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. 40 பாகை 36 ஆகும்போது அவற்றின் விகிதத்தின் இயல் மடக்கை 0.105, 12 பாகை 8 ஆகும்போது அதே கணக்கு 0.405. ஒரே ஊசலின் 'தடை மாறிலி' சில விநாடிகளில் கிட்டத்தட்ட நான்கு மடங்காக உயர்ந்திருக்கிறது என்றால், அது மாறிலி இல்லை.

ஒரே அளவாகக் கழிவது உலர் உராய்வின் அடையாளம். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் ஆராய்ந்த உராய்வு இதுதான். பரப்புகள் நழுவும் வேகத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல், திசையை மட்டும் பார்த்து எதிர்க்கும். நம் ஊர்ப் புளியமரக் கிளையில் தாம்புக்கயிறு கட்டி ஆடும் ஊஞ்சலில் கயிறு கிளையை அரைப்பதை நினைத்துக்கொள்ளலாம். எங்கள் கருவியில் அந்த உராய்வு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிரித்துப் பார்த்தபோது, தூசி புகாதபடி இருபுறமும் ரப்பர் மூடி வைத்த பேரிங் உள்ளே இருந்தது. ரப்பரின் உதடு உள்வளையத்தை எந்நேரமும் தொட்டு உரசிக்கொண்டிருக்கிறது. நீர் இறைக்கும் மோட்டாருக்கு அது நல்ல பேரிங். 20 கிராம் குண்டின் எடையால் மட்டும் ஆட வேண்டிய ஊசலுக்கு அது பொருந்தாது.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். மரியாதையாகப் பேசினார்கள், மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். மூன்று வாரங்கள் கழித்து வந்த மாற்றுப் பேரிங்கும் அதே ரப்பர் மூடியோடு வந்தது. பிறகு நானே ஒரு சனிக்கிழமை பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் பேருந்தில் சென்று, அதே அளவில் உலோக மூடி போட்ட பேரிங் இரண்டு வாங்கி வந்தேன். சிப்காட் பகுதித் தொழிற்சாலைகளுக்காக எல்லா அளவிலும் பேரிங் அடுக்கி வைத்திருக்கும் கடைகள் அங்கே உண்டு. கடைக்காரர் பழையதை விரலில் சுழற்றிப் பார்த்த மாத்திரத்திலேயே, "இது இறுக்கமான சீலுங்க சார், உங்களுக்கு ஃப்ரீயா ஓடணும்னா இது ஆகாது" என்றார். உலோக மூடி உள்வளையத்தைத் தொடுவதில்லை. அந்தப் பேரிங்கைப் பெட்ரோலில் அலசி, உள்ளே இருந்த கிரீஸைப் போக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு மாட்டியதும் ஒவ்வோர் அலைவிலும் கழியும் அளவு 4 பாகையிலிருந்து 1 பாகையாகக் குறைந்தது. பத்து அலைவில் நின்ற ஊசல் நாற்பதை ஒட்டி ஆடியது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் இக்கருவியில் கயாஸைத் தேடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணமும் உண்டு.

வில்களையும் மாட்டி, குண்டை நேர் உச்சியில் நிறுத்தினால், ஊசலுக்கு இரண்டு அமைதி நிலைகள் கிடைக்கின்றன. உச்சியிலிருந்து இடப்புறம் சுமார் 100 பாகையில் ஒன்று, வலப்புறம் அதே அளவில் மற்றொன்று. நடுவில் உச்சி ஒரு மேடு. குண்டின் எடை ஊசலைக் கீழே இழுக்கிறது, வில்கள் மேலே திருப்புகின்றன. மோட்டாரின் கை தாளம் போட்டு ஆட்டும்போது, ஊசல் சில நேரம் ஒரு பள்ளத்திலேயே ஆடும், சில நேரம் மேட்டைத் தாண்டி மறுபள்ளத்துக்குப் போகும். எப்போது தாண்டும், எப்போது திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலைதான் நாம் தேடுவது. ஜெர்மானியப் பொறியாளர் ஜார்ஜ் டஃபிங் 1918இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த அலைவுச் சமன்பாட்டின் நெருங்கிய உறவு இது. கையேட்டின் கோட்பாட்டுப் பகுதியோ வில் இல்லாத, வெளியிலிருந்து முறுக்கப்படும் தனி ஊசலின் சமன்பாட்டைத் தருகிறது. தரக் காரணி (தடை எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண்) 2, இயக்கும் அதிர்வெண் இயல் அதிர்வெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், இயக்கும் முறுக்கு 0.9இல் ஒழுங்கான அலைவு, 1.07இல் இரட்டைக் காலம் (இயக்கும் முறுக்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே அலைவு மீள்வது), 1.15இல் கயாஸ், 1.35இல் மீண்டும் ஒழுங்கு என்னும் புகழ்பெற்ற வரிசை அதில் அச்சாகியிருக்கிறது. அந்த எண்கள் அந்தச் சமன்பாட்டுக்குச் சரியானவை. பெட்டிக்குள் இருக்கும் கருவிக்கு உரியவை அல்ல. எங்கள் மாணவர்கள் இரண்டு செய்முறை வகுப்புகளை 1.07ஐத் தேடியே கழித்தார்கள். இந்தத் தவற்றை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமன்பாடும் கருவியும் ஒன்றே என்று நம்பித்தான் மாணவர் செய்முறைக்கு வருகிறார்.

இனி மேட்டின் உச்சிக்கு வருகிறேன், ஏனெனில் இக்கருவியின் முழுக் கதையும் அங்கேதான் நடக்கிறது. ஊசல் தயங்கித் தயங்கி உச்சியை எட்டும்போது அதன் வேகம் சுழியை நெருங்குகிறது. இந்தப் பக்கம் விழுவதா அந்தப் பக்கமா என்பதை முடியளவு வேறுபாடு முடிவு செய்ய வேண்டிய இடம் அது. தொடக்க நிலையின் நுண்ணிய மாற்றம் பெரிதாக வளர்வது அங்கேதான். தடை திசைவேகத்துக்கு நேர்விகிதம் என்றால், வேகமற்ற அந்த இடத்தில் தடையும் இல்லாமல் போய்விடும், ஊசல் தன் விருப்பப்படி விழும். உலர் உராய்வு அப்படி ஒதுங்கிக்கொள்வதில்லை. வேகம் அற்றுப்போன கணத்தில்தான் அது முழு வலிமையோடு பிடிக்கிறது. பழைய பேரிங்கோடு ஓட்டியபோது எங்கள் ஊசல் உச்சியில் ஏறி, அங்கேயே ஒட்டிக்கொண்டு, மோட்டாரின் கை அடுத்த இழுப்பை இழுக்கும்வரை அசையாமல் நின்றது. நான் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு சற்றே இடப்புறம் சாய்ந்து நிற்கிறது, கீழே விழ வேண்டும், விழவில்லை. நூல் விறைப்பதும் வில் நீள்வதும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு கணம் கழித்து வலப்புறமாகச் சாய்கிறது. எந்தப் பக்கம் போவது என்பதை ஊசலின் முந்தைய வரலாறு தீர்மானிக்கவில்லை, மோட்டார் தீர்மானித்தது. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் அதுவரை வளர்ந்து வந்த வேறுபாடுகள் அழிக்கப்பட்டு, கதை புதிதாகத் தொடங்குகிறது.

இதை மென்பொருளின் பாயின்காரே படத்திலும் காணலாம். மோட்டாரின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கட்டத்தில், அதாவது கை அதே இடத்துக்கு வரும்போது, ஊசலின் கோணத்தையும் வேகத்தையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போவது அந்தப் படம். பழைய பேரிங்கில் பெரும்பாலான புள்ளிகள் சுழி வேகக் கோட்டின் மீது எறும்பு வரிசை போல ஒட்டிக் கிடந்தன. புதிய பேரிங்கில், காந்தத்துக்கும் தட்டுக்கும் 3 மி.மீ. அளவு இடைவெளி விட்டு இரண்டு மணி நேரம் ஓட்டியபோது, மடிந்து மடிந்து சுருளும் மெல்லிய இழைகளாக அதே படம் விரிந்தது. அந்த மடிப்பைத் திரையில் முதன்முறை பார்த்த நாளை நான் மறக்கமாட்டேன். பாடத்தில் நாங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டிய கோலம், எங்கள் மேசையில் ஆடும் ஒரு தட்டிலிருந்து புள்ளி புள்ளியாக வந்துகொண்டிருந்தது.

காந்தத் தடையைப் பொறுத்தவரை கருவி மிக நன்றாகவே செயல்படுகிறது. இந்த வேகங்களில் சுழல் மின்னோட்டத் தடை திசைவேகத்துக்கு நேர்விகிதமாகவே இருக்கிறது. கையேடு சொல்லும் எளிய தடை, கருவியில் உண்மையாக இருக்கும் ஒரே இடம் இதுதான். புதிய பேரிங்கோடு காந்தத்தையும் நெருக்கி வைத்து எடுத்த உச்சங்கள் 40, 31, 24, 18, 13, 10, 7 என்று வந்தன. ஒரே விகிதமும் இல்லை, ஒரே கழிவும் இல்லை. ஓர் உச்சத்தைக் கிடை அச்சிலும் அதற்கு அடுத்த உச்சத்தைக் குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் அமைகின்றன: சாய்வு ஏறத்தாழ 0.8, வெட்டுத்துண்டு (கோடு குத்து அச்சை வெட்டும் இடம்) ஏறத்தாழ குறை ஒரு பாகை. சாய்வு காந்தத்தின் பங்கு, வெட்டுத்துண்டு பேரிங்கின் பங்கு. ஒரே தாளில், ஓர் அளவுகோலை வைத்து, இரண்டு தடைகளையும் பிரித்துவிடலாம். மென்பொருளின் பொத்தான் செய்யாத இந்த வேலையை மாணவர்கள் கட்டத்தாளில் அரை மணி நேரத்தில் செய்தார்கள். குண்டின் இடத்தில் ஒரு சாண் நீள அட்டையைப் படகுப் பாய் போல ஒட்டி ஆட்டினால் மூன்றாவது வகையும் கிடைக்கிறது. வேகமாக நகரும் அட்டையை எதிர்க்கும் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், வீச்சு பெரிதாக உள்ள பக்கத்தில் அதே கோடு கீழ்நோக்கி வளைகிறது. ஊசலை அடக்கும் காற்றைக் கணக்கில் கொண்டுவர 1851இல் நீண்ட ஆய்வுரையே வெளியிட்டார் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ். அவர் கண்ட மெதுவான ஓட்டத்தின் விதியும் (தடை வேகத்துக்கு நேர்விகிதம்) எங்கள் அட்டையின் விதியும் வேறு வேறு என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

தடை நேரிலாததாக இருப்பது வெறும் அளவீட்டுத் தொல்லை என்று எண்ணிவிடக் கூடாது. திசைவேகத்துக்கு நேர்விகிதமான தடையில், கட்ட வெளியின் (கோணத்தையும் வேகத்தையும் அச்சுகளாகக் கொண்ட வெளி) எந்தப் பகுதியும் எல்லா இடத்திலும் ஒரே வீதத்தில் சுருங்குகிறது. வர்க்கத் தடையிலோ வேகமான இடங்களில் அதிகமாகவும் மெதுவான இடங்களில் குறைவாகவும் சுருங்குகிறது. ஆகவே எந்த இயக்கும் விசையில் இரட்டைக் காலம் தொடங்கும், எங்கே கயாஸ் பிறக்கும், அந்த மடிப்புகள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்படும் என்பவை எல்லாம் தடையின் வடிவத்தோடு சேர்ந்தே மாறுகின்றன.

இனிச் சிறு குறைகள். காந்தத் திருகில் அளவுக்குறி எதுவும் இல்லை. திருகின் ஒரு முழுச் சுற்று 0.7 மி.மீ.; அரைச் சுற்று மாறினாலே கயாஸ் அடங்கி ஒழுங்கான அலைவு வந்துவிடுகிறது, ஆனால் முந்தைய வாரம் எங்கே வைத்தோம் என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை. வடிவியல் பெட்டியின் பாகைமானியை நகலெடுத்துத் திருகின் தலைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். கோண சென்சாரின் ஒரு படி கால் பாகை. விநாடிக்கு 50 முறை அளவெடுத்து, வித்தியாசத்தை நேரத்தால் வகுத்து வேகம் காண்பதால், வேகம் விநாடிக்கு 12.5 பாகை என்ற படிகளில் தாவுகிறது, படத்தில் கிடைக்கோடுகள் விழுகின்றன. இதை மறைக்க மென்பொருள் தானாகவே வளைவை மழுப்புகிறது; அதை நிறுத்தும் வசதி இல்லை. கோணத்தின் மூல அளவுகளைக் கோப்பாகச் சேமிக்க முடிகிறது என்பதால் நாங்கள் வேகத்தைத் தனியே கணக்கிட்டுக்கொள்கிறோம்.

கருவியின் தாங்கி எடை குறைந்தது. மோட்டார் சுற்றும்போது தாங்கியும் சேர்ந்து நடுங்குகிறது. நடுங்கும் தாங்கி ஊசலின் ஆற்றலைக் குடிக்கிறது, மோட்டாரின் ஆட்டத்தைத் தவறான வழியில் ஊசலுக்குக் கடத்தவும் செய்கிறது. ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒத்திசைந்து ஆடுவதை 1665இல் டச்சு அறிவியலாளர் ஹைஜன்ஸ் கண்டது தாங்கியின் இத்தகைய மிகச் சிறிய அசைவால்தான். இதற்குத் தீர்வு நம் பக்கத்து மாவட்டத்திலேயே கிடைத்தது. கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறை ஒன்றில் வெட்டி ஒதுக்கிய துண்டு, இரண்டடிக்கு ஓரடி, 20 மி.மீ. தடிப்பு, ஏறக்குறைய பத்து கிலோ. அதில் துளையிட்டு, தாங்கியை போல்ட் போட்டு முடுக்கிய பிறகு நடுக்கம் நின்றது.

வெப்பநிலையையும் குறித்து வைக்க வேண்டும். கையேடு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அலுமினியத்தின் மின்தடை ஒரு செல்சியஸ் பாகைக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. மார்கழிக் காலையில் எங்கள் ஆய்வகம் 18 பாகை. சித்திரை வெயிலில் மதியம் 38. இந்த இருபது பாகையில் மட்டும் சுழல் மின்னோட்டத் தடை எட்டு விழுக்காடு அளவுக்குத் தளர்ந்துவிடும், பேரிங்கின் எண்ணெயும் இளகிவிடும். டிசம்பரில் ஒழுங்காக ஆடிய அதே திருகு நிலையில் ஏப்ரலில் கயாஸ் வந்தபோது, மாணவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று பதிவேட்டில் எழுதினார்கள். சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, ஒவ்வோர் ஓட்டத்தின் தலைப்பிலும் அதன் அளவை எழுதச் செய்திருக்கிறேன். மின்வெட்டு நேரும் நாட்களில் நீண்ட ஓட்டம் பாதியில் அறுந்துபோகும். மோட்டாரையும் கணினியையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, இக்கருவியை வாங்கலாம் என்றே சொல்வேன். இளங்கலை வகுப்பில் தடையுறு அலைவு, திணிப்பு அலைவு, ஒத்ததிர்வு ஆகிய மூன்றையும் நடத்தவும் இதே தட்டு போதும் என்பதால் ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே கையேட்டின் எண்களைப் பெற நினைக்கும் துறைக்கு இது ஏமாற்றம் தரும். ஒரு பருவம் முழுவதும் பொறுமையாகத் தடையை அளக்கத் தயாராக உள்ள ஆசிரியர் ஒருவராவது வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன் விற்பனையாளரிடம் பேரிங்கின் மூடி ரப்பரா உலோகமா என்று எழுத்தில் கேளுங்கள். வில் மாட்டிய அமைப்புக்கு உரிய சமன்பாடு கையேட்டில் உள்ளதா என்று கேளுங்கள். நூலை இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள். கருவியோடு வரும் பருத்தி நூல் கப்பியில் நழுவுகிறது, மீன் தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நரம்பை எங்கள் ஆய்வக உதவியாளர் ஒகேனக்கல்லிலிருந்து வாங்கி வந்து மாட்டினார், டிசம்பரிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.